மேயும் விலங்கும் நஞ்சு உலோகமும்

மேயும் விலங்கு நிலத்தோடு ஒட்டி வாழ்வது. ஒரு நிலத்தின் புல்லைத் தின்று, அந்நிலத்தின் நீரைப் பருகி, புல்லோடு ஒட்டி வரும் மண்ணையும் சிறிது சிறிதாக விழுங்கி அது வளர்கிறது. ஆதலின் அந்நிலத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது, அங்கே பல ஆண்டுகள் மேய்ந்த விலங்கின் இரத்தத்திலும் எலும்பிலும் பதிவாகிவிடுகிறது. ஊர்க் கணக்கேட்டில் எழுத விட்டுப்போனவை உண்டு. இந்த ஏட்டில் எதுவும் விட்டுப்போவதில்லை.

உலகின் பல நாடுகளில் விஞ்ஞானிகள் காட்டு விலங்குகளின் இரத்தம், மயிர், ஈரல், சிறுநீரகம் முதலியவற்றை எடுத்துச் சோதித்து வருகின்றனர். ஆலையோ, சாலையோ இல்லாத காடுகளிலும் பனிவெளிகளிலும் வாழும் பெரிய விலங்குகளின் உடலிலும் காரீயம், பாதரசம், காட்மியம் என்னும் நஞ்சு உலோகங்கள் இருப்பதை அவர்கள் கண்டுள்ளனர். தொலைதூரத்துக் காட்டு விலங்குக்கே இந்த நிலை என்றால், தொழிற்பேட்டைகளுக்கு நடுவே மேயும் நம் பசுவும் எருமையும் எந்நிலையில் இருக்கும்? அவற்றின் பாலைப் பருகும் குழந்தைக்கு என்ன நேரும்? இதனைத் தடுக்க ஊராட்சியும் உழவர்களும் செய்யத்தக்கது யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நஞ்சு உலோகம் எது?

உலோகம் யாவும் நஞ்சல்ல. இரும்பு இல்லையேல் இரத்தம் சிவப்பாக இராது. செம்பும் துத்தநாகமும் மிகச் சிறு அளவில் மனிதனுக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் இன்றியமையாதவை. ஆனால், காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய மூன்றாலும் உடலுக்கு எள்ளளவும் பயனில்லை, தீங்கே உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் வீடுகளில் ‘ஈயம்’ என்னும் ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறோம். இரசம் வைக்கும் ஈயச் செம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசும் ஈயமும் வெள்ளீயம் ஆகும். பேட்டரியிலும், பழைய வண்ணப்பூச்சுகளிலும், துப்பாக்கிக் குண்டிலும் உள்ளது காரீயம். நஞ்சென நாம் இங்கே கூறுவது காரீயத்தையே.

இவ்வுலோகங்களின் கொடுமை, அவை அழியாமையில் உள்ளது. சாணம் மக்குகிறது, இலை மக்குகிறது, பூச்சி மருந்துகளிற்கூடப் பல நாளடைவில் சிதைந்துவிடுகின்றன. உலோகமோ தனிமம். வெயிலாலும் மழையாலும் அது வேறொன்றாகச் சிதைவதில்லை. நிலத்தில் விழுந்த காரீயம் மேல்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது.

உடலுக்குள் புகுந்த பின்னும் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்கிறது. காரீயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்று மயங்கி எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே அது பல்லாண்டுகள் தங்கி, சூல் கொண்ட காலத்திலும் பால் சுரக்கும் காலத்திலும் மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்குகிறது. பாதரசம் மூளையையும் நரம்பையும் தாக்குகிறது. சிறிது சிறிதாகச் சேர்வதால், வயது முதிர முதிர அளவும் கூடுகிறது.

காட்டு விலங்குகள் தரும் சான்று

சுவீடன், நார்வே, கனடா முதலிய குளிர்நாட்டுக் காடுகளில் மூஸ் என்னும் மான் வாழ்கிறது. குதிரையினும் உயரமான இவ்விலங்கு வில்லோ இனத்து மரங்களின் தழையை விரும்பித் தின்னும். அம்மரங்களோ மண்ணிலுள்ள காட்மியத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்க்கும் இயல்புடையன. தழையைத் தின்ற மூஸின் சிறுநீரகத்தில் காட்மியம் ஆண்டுதோறும் சேர்கிறது. வேட்டையாடி அதன் இறைச்சியை உண்ணும் வழக்கம் அந்நாடுகளில் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், மூஸ், மான் ஆகியவற்றின் ஈரலையும் சிறுநீரகத்தையும் உண்ணலாகாது என்று அரசே மக்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. தசையில் அத்துணைத் தீங்கில்லை. நஞ்சு தங்கும் உறுப்புகளை விலக்க வேண்டும் என்பதே அவ்வறிவுரையின் கருத்து.

அமெரிக்காவின் தெற்கே ஃபுளோரிடா சதுப்பு நிலத்தில், பூமா இனத்தைச் சேர்ந்த அரிய பெரும்பூனைகள் வாழ்கின்றன. 1989-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று இறந்து கிடந்தது. ஈரலைச் சோதித்தபோது, பத்து இலட்சம் பங்கில் 110 பங்கு பாதரசம் இருந்தது. பாதரசம் அப்பூனையை அடைந்த வழி கவனிக்கத்தக்கது. குப்பை எரிக்கும் ஆலைகளின் புகையிலும் பிற புகைகளிலும் வெளியான பாதரசம் மழையோடு சதுப்பு நீரில் விழுந்தது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றின. அதைச் சிறு மீன் உண்டது. சிறு மீனைப் பெரிய மீன் உண்டது. மீன்களை ரக்கூன் என்னும் பிராணி தின்றது. ரக்கூனைப் பூனை தின்றது. ஒவ்வொரு படியிலும் நஞ்சின் செறிவு பெருகியது.

வட துருவத்துப் பனிக்கரடியின் கதையும் இத்தகையதே. கிரீன்லாந்தின் வடமேற்குப் பகுதிக் கரடிகளின் மயிர் 1892-ஆம் ஆண்டிலிருந்து கிடைத்திருக்கிறது. அதனைச் சோதித்த விஞ்ஞானிகள், நூறாண்டுக்கு மேற்பட்ட அக்காலத்தில் பாதரசத்தின் அளவு ஏறிக்கொண்டே வந்திருப்பதைக் கண்டனர். அங்கே ஆலை ஏது? நஞ்சு காற்றிலும் கடலிலும் பயணம் செய்து சென்றிருக்கிறது.

இச்செய்திகளுக்கிடையே ஓர் ஆறுதலும் உண்டு. ஃபுளோரிடாவில் குப்பை எரிப்பு ஆலைகளின் புகையைக் கட்டுப்படுத்திய பின்னர், அச்சதுப்பு நிலத்து மீன்களிலும் கொக்குகளிலும் பாதரசம் குறைந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலில் காரீயம் கலப்பது நிறுத்தப்பட்டது. அதன் பயனாக நகரங்களின் காற்றில் காரீயம் குறைந்தது. வெளியிடுவதை நிறுத்தினால் வரவு குறையும் என்பது இதனால் விளங்கும். ஏற்கெனவே நிலத்தில் விழுந்ததை மீட்பதுதான் கடினம்.

நம் மலையில் நடந்தது

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோடைக்கானலில் 1983-ஆம் ஆண்டில் பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் மூடப்பட்ட ஆலை ஒன்றின் இயந்திரங்களைக் கொண்டு அது நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமாயிற்று. தொழிற்சாலை அமைந்த மேட்டின் கீழே பாம்பார் சோலை உள்ளது. அங்கே பிறக்கும் நீர் கும்பக்கரை வழியே சமவெளிக்கு இறங்குகிறது. காட்டெருமைகள் மேயும் மலை அது.

2001-ஆம் ஆண்டில், அத்தொழிற்சாலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல்லில் இருந்த பழைய பொருள் கடை ஒன்றில் குவிந்து கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தனர். கிளர்ச்சி எழுந்தது, அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பின்னர் விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வுகளில், அம்மலையின் பாசியிலும், கோடைக்கானல் ஏரியின் மீனிலும் பாதரசம் இருப்பது தெரியவந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் 2016-ஆம் ஆண்டில்தான் உடன்பாடு ஏற்பட்டது. 18 ஆண்டுகள் நடந்த ஆலைக்காக, அது மூடிய பின்னும் 15 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இந்நிகழ்ச்சியில் ஊராட்சிப் பெருமக்கள் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உயர்ந்த மதிலுக்குள் இருந்த நஞ்சு ஊருக்குள் வந்த வழி, ஒரு காயலான் கடை.

பூனைகள் கூறிய எச்சரிக்கை

ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கிருந்த சிஸ்ஸோ என்னும் இரசாயன ஆலை, பாதரசம் கலந்த கழிவு நீரை விரிகுடாவில் விட்டு வந்தது. முதலில் பூனைகள் தள்ளாடின; வெறிபிடித்தாற்போல் சுழன்றன; செத்தன. ஊரார் அதனை வேடிக்கையான நோய் என்று எண்ணினர். விரைவில் அதே அடையாளங்கள் மனிதரிடம் தோன்றின. 1956-ஆம் ஆண்டில் அந்நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. எனினும் ஆலை அக்கழிவை விடுவது 1968-ஆம் ஆண்டில்தான் நின்றது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் உடல் கெட்டது. தாயின் வயிற்றிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. அவ்வூரின் பெயராலேயே 2013-ஆம் ஆண்டில் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா அதனை 2018-ஆம் ஆண்டில் ஏற்றது.

பூனையும் மனிதரும் உண்டது ஒரே கடலின் மீனை. பூனை முன்னர் வீழ்ந்தது. மனிதர் பின்னர் வீழ்ந்தனர். பிராணிகள் காரணமின்றி நோயுறும்போது, ‘இது பிராணிக்கு வந்த கேடு’ என்று ஒதுக்காமல், ‘இஃது ஊருக்கு வரவிருக்கும் கேடோ’ என்று வினவுவது அறிவுடைமையாகும்.

அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை

இனி நமது பகுதிக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அதன்பின் திருமழிசையிலும் காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. இவற்றால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வு பெற்றன. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. எனினும், நேமம், குத்தம்பாக்கம், செம்பரம்பாக்கம் முதலிய ஊர்ப்புறங்களில் ஏரியும் வயலும் மாடும் இன்றும் உள்ளன. தொழிற்கூடத்தின் பின்சுவரும் மாடு மேயும் புறம்போக்கும் அடுத்தடுத்து இருப்பதே இப்பகுதியின் தனித்தன்மை.

சென்னை நகருக்குள் கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. நம் ஏரிக்கரைகளில் மேயும் பெரிய விலங்கு எருமையும் பசுவுமே. மூஸ் அக்காட்டுக்கு எப்படியோ, எருமை நமது ஏரிக்கு அப்படி. அது கோரையைத் தின்கிறது, சேற்றில் புரள்கிறது, வரத்துக் கால்வாயில் வரும் நீரைக் குடிக்கிறது. முலாம் பூசும் பட்டறையின் கழிவு நீரோ, உலோகத் தூளோ அக்கால்வாயில் கலந்திருந்தால், அதனை முதலில் உட்கொள்வது அதுவே. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவு நீர் கலப்பதைப் பற்றி மக்கள் எழுப்பிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை நம் பகுதியார் அறிவர்.

மாட்டின் உடலில் சேரும் காரீயம் பாலில் வருமா என்று கேட்கலாம். வரும். இஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2005-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காரீயம், துத்தநாகம் உருக்கும் ஆலைகள் முதலியவற்றைச் சூழ்ந்த இடங்களில் வளரும் கறவைப் பசுக்களின் இரத்தத்தையும் பாலையும், மாசற்ற இடத்துப் பசுக்களின் இரத்தத்தோடும் பாலோடும் அவர்கள் ஒப்பிட்டனர். உருக்காலையை அடுத்த இடங்களில் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. இரத்தத்தில் ஏற ஏறப் பாலிலும் ஏறியது. பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் போகாது.

பழைய பேட்டரி என்னும் பகை

பெரிய உருக்காலை நம் ஊரில் இல்லையே என்று எண்ணி ஆறுதலடைய இயலாது. வாகனங்களிலும், வீட்டு இன்வெர்ட்டர்களிலும் உள்ள பேட்டரிதான் நம் ஊருக்குள் காரீயம் வரும் முதல் வழி. கார் பேட்டரி ஒன்றில் சுமார் 8 முதல் 10 கிலோ வரை காரீயம் உள்ளது. உலகில் பயன்படும் காரீயத்தில் பெரும் பங்கு பேட்டரிக்கே செல்கிறது.

முழுமையாக இருக்கும் பேட்டரியால் தீங்கில்லை. அதனைக் கோடரியால் பிளந்து, அமிலத்தைத் தரையில் கொட்டி, தகடுகளை வெளியே எடுத்து, திறந்த அடுப்பில் உருக்கும்போதுதான் கேடு விளைகிறது. அமிலத்தோடு காரீயக் கூழ் மண்ணில் இறங்குகிறது. புகையோடு நுண்துகள் எழுந்து சுற்றியுள்ள புல்லின் மேலும், வைக்கோற்போரின் மேலும், துணியின் மேலும், குடிநீர்த் தொட்டியின் மேலும் படிகிறது. சந்தடியற்ற இடம் வேண்டும் என்பதற்காக இவ்வேலையை ஊர்க்கோடியில், ஏரிக்கரையில், மேய்க்கால் புறம்போக்கின் ஓரத்தில் வைத்துக்கொள்வது பல மாநிலங்களிலும் காணப்படும் வழக்கம். மாடு மேய்வதும் அங்கேதான்.

மாட்டுக்கு இயல்பாகவே புதுப் பொருளை நக்கிப் பார்க்கும் குணம் உண்டு. தாது உப்புக் குறைந்த மாடு மண்ணையும் எலும்பையும் இரும்பையும் நக்கும். பிளந்த பேட்டரியின் தகட்டில் உப்புச் சுவை இருப்பதால் அதனை விரும்பி நக்கும். விழுங்கிய துணுக்கு, எடை மிகுதியால் இரண்டாம் இரைப்பையின் அடியில் தங்கிவிடும்; பின்னர்ச் சிறிது சிறிதாகக் கரைந்து நாள்தோறும் இரத்தத்தில் கலக்கும். ஓர் இளங்கன்றைக் கொல்லச் சில பத்து கிராம் காரீயக் கூட்டுப் பொருளே போதும்.

மாட்டில் தோன்றும் அறிகுறிகள்

காரீய நஞ்சு ஏறிய மாடு தீனியை மறுக்கும். பற்களை நறநறவென்று கடிக்கும். வாயில் நுரை தள்ளும். காதும் இமையும் துடிக்கும். கண் திறந்திருந்தும் பார்வை தெரியாது, சுவரிலோ மரத்திலோ தலையை முட்டிக்கொண்டு நிற்கும், வட்டமிட்டுச் சுற்றும், இறுதியில் வலிப்புக் கண்டு விழும். சில கன்றுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் ஓரிரு நாளிலேயே இறப்பதும் உண்டு.

இவ்வறிகுறிகளுட் பல வெறிநோய்க்கும் உரியன. ஆகவே, ‘தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது’ என்று வாய்க்குள் கைவிடுவது பெரும் அபாயம். மாட்டைத் தனியே கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண்ணிலும் உதவி பெறலாம். மாடு எங்கே மேய்ந்தது, அருகில் பேட்டரி, வண்ணப்பூச்சு டப்பா, எரித்த கம்பி முதலியவை கிடந்தனவா என்பதை மறவாமல் மருத்துவரிடம் கூற வேண்டும். அவ்வொரு செய்தி சிகிச்சையின் திசையையே மாற்றும். காலத்தோடு கண்டறிந்தால் மருந்து உண்டு.

பிழைத்த மாட்டின் பாலை, மருத்துவர் சோதித்து இசைவு கூறும் வரையில் கறந்து பயன்படுத்தலாகாது, கன்றுக்கும் ஊட்டலாகாது. இறந்த மாட்டின் ஈரலையும் இறைச்சியையும் எவருக்கும் விற்கலாகாது. மேய்ச்சலும் நீரும் இல்லாத இடத்தில் ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஒரு மந்தையில் ஒரு மாடு இவ்வாறு வீழ்ந்தால், மற்ற மாடுகளும் அதே இடத்தில் மேய்ந்தவை என்பதை எண்ணி, அவற்றின் இரத்தத்தையும் சோதிக்கச் செய்தல் நலம்.

குழந்தைகளின் நிலை

மாட்டின் இழப்பைப் பணத்தால் ஈடு செய்யலாம். குழந்தையின் மூளைக்கு நேரும் இழப்புக்கு ஈடில்லை. காரீயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அறிவு மந்தம், கவனக் குறைவு, இரத்தச் சோகை ஆகியவை அதன் விளைவுகள். குழந்தைக்குக் காய்ச்சல் வராது, புண் தோன்றாது, பள்ளியில் பின்தங்கும், அவ்வளவே. காரணம் தெரியாமலே காலம் கழிந்துவிடும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு காரீயம் இருப்பதாகவும், அவர்களுள் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்டோர் இருப்பதாகவும் யுனிசெஃப் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் நகரின் ஓரத்தில் தியாரோய் என்னும் ஊர் உள்ளது. அங்கே பேட்டரி பிளக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. பின்னர் அம்மண்ணிலேயே காரீயம் மிகுந்திருப்பதை அறிந்த ஏழை மக்கள், மண்ணைச் சலித்துக் காரீயத் துணுக்குகளைப் பொறுக்கி விற்றனர். மூட்டைகளை வீட்டுக்குள் வைத்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அவ்வூரில் 18 குழந்தைகள் மாண்டனர். கொள்ளை நோய் அன்று, காரீயம். அம்மக்கள் தவறு செய்தவர் அல்லர், அறியாதவர். அறிவிப்பது நம் கடமை.

வயலும் வண்டலும்

இவற்றைப் படித்து, பாலையும் கீரையையும் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தூய மேய்ச்சலில் வளரும் மாட்டின் பால் நல்ல உணவே. மேலும், சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைந்த உணவு உண்ணும் குழந்தையின் உடலில் காரீயம் குறைவாகவே ஏறும். ஆதலின் அங்கன்வாடி உணவும், முருங்கைக் கீரையும், உண்ணுமுன் கை கழுவும் பழக்கமும் இந்நஞ்சுக்கு எதிரான காப்பாகும்.

பயிரைப் பொறுத்தவரை, காரீயம் பெரும்பாலும் தூசியாக இலையின் மேல் படிவது; நன்றாகக் கழுவினால் பெரும்பகுதி நீங்கும். காட்மியம் அத்தகையதன்று. வேர் வழியே ஏறி இலையிலும் தானியத்திலும் சேரும், கழுவினாலும் போகாது. ஜப்பானில் டோயாமா மாவட்டத்து ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்ட பெண்கள் பலர் எலும்பு முறிந்து வலியால் கதறினர். வலியின் கதறலே அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதனை மாசினால் வந்த நோய் என ஏற்றது.

இதிலிருந்து நம் உழவர்கள் கொள்ளத்தக்க பாடம், ஏரி வண்டல் பற்றியது. ஏரி வண்டலை வயலுக்கு இடுவது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. அரசும் வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி அளித்து வருகிறது. மழை நீர் மட்டும் சேரும் ஏரியின் வண்டல் பொன்னுக்கு நிகர். ஆனால், தொழிற்பேட்டையின் கழிவு நீர் கலக்கும் ஏரியில், நீர் தெளிந்திருந்தாலும் உலோகம் அடிச்சேற்றில் தங்கியிருக்கும். அத்தகைய ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் வயலில் பரப்பினால், ஏரியின் நஞ்சை நம் கையாலேயே நெல்லுக்கு ஊட்டியவராவோம். சாதாரண மண் பரிசோதனை அட்டையில் இவ்வுலோகங்களின் அளவு இராது. கன உலோகங்களுக்கெனத் தனியாகச் சோதிக்கக் கேட்க வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவது: ஊரிலுள்ள காயலான் கடைகளையும், பேட்டரிக் கடைகளையும், முலாம் பூசும் பட்டறைகளையும் ஒரு பட்டியலாக்குக. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி தீங்கு தரக்கூடிய தொழில்களுக்கு உரிமம் பெறுவது கட்டாயம். உரிமம் வழங்குமுன் இடத்தை நேரிற் காண்பது அவசியம்.

இரண்டாவது: மேய்க்கால் புறம்போக்கிலோ, ஏரிக்கரையிலோ பேட்டரி பிளப்பதையும், கம்பி எரிப்பதையும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது. மாதம் சில ஆயிரம் ரூபாய் வாடகை வருகிறது என்று கொட்டகைக்கு இடம் விடுவோர், அம்மண்ணைத் திருத்த ஆகும் செலவை எண்ண வேண்டும்.

மூன்றாவது: 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்தால் விலையிலும் கழிவு கிடைக்கிறது. இதனை வீடுதோறும் அறிவிக்கச் செய்க.

நான்காவது: ஏரியின் வரத்துக் கால்வாய்களை மழைக்கு முன்னும் பின்னும் நடந்து பார்க்க வேண்டும். நிறம் மாறிய நீரோ, காரநெடியோ, செத்த மீனோ கண்டால், நாளையும் இடத்தையும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்ச்சொல் காற்றில் போகும். எழுத்து கோப்பில் நிற்கும்.

ஐந்தாவது: கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைய கூட்டத்தில் கால்நடை மருத்துவரை அழைத்து, அவ்வாண்டில் காரணம் விளங்காமல் இறந்த மாடுகளின் கணக்கை எடுத்துவைக்கலாம். எந்தத் தெருவில், எந்த மேய்ச்சலில் என்று குறித்தால், பட்டியலே வழி காட்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாள்தோறும் கொடுத்தால் அது கண்டதை நக்குவது குறையும். பழைய பேட்டரியையோ, பெயிண்ட் டப்பாவையோ தொழுவத்தில் வைக்கலாகாது. அவற்றின் ஓட்டைக் கழுநீர்த் தொட்டியாகப் பயன்படுத்தலாகாது. பேட்டரிக் கடையில் வேலை செய்வோர், வேலை உடையோடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்கலாகாது.

பிழைப்பு பற்றிய கேள்வி

‘காயலான் கடையை மூடினால் ஏழைகள் எங்கே போவர்?’ என்னும் கேள்வி நியாயமானது. இதனை ஊராட்சியில் எழுப்புவோரை நாம் எதிரிகளாகக் கருதலாகாது. பழைய பொருளைச் சேகரித்து விற்பவர் ஊருக்குத் தொண்டே செய்கிறார். காரீயம் பன்முறை உருக்கிப் பயன்படுத்தத்தக்க உலோகம். அது திரும்ப ஆலைக்குச் செல்வதே முறை. ஆகவே கடையை மூட வேண்டுவதில்லை. பேட்டரியைப் பிளக்காமல், அமிலத்தைக் கொட்டாமல், முழுமையாகவே பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு விற்க வேண்டும் என்பதே நாம் விதிக்கும் கட்டுப்பாடு. பிளந்து விற்பதில் கிடைக்கும் சிறு மிகுதி இலாபம், பிளப்பவனின் இரத்தத்திலிருந்தும் அவன் குழந்தையின் அறிவிலிருந்தும் எடுக்கப்படுவது. இதனைப் பகைமையின்றி எடுத்துச் சொன்னால் ஏற்காதவர் சிலரே.

ஏற்கெனவே நஞ்சேறிய இடம் எனத் தெரிந்தால், அங்கே மேய்ச்சலை நிறுத்தி, வேலியிட்டு, வாரியத்தின் அறிவுரைப்படி மேல்மண்ணை அகற்றவோ மூடவோ செய்ய வேண்டும். நாமே மண்வெட்டியோடு இறங்குவது தியாரோய் ஊரார் செய்ததைச் செய்வதாகும்.

காட்டு விலங்கு தனக்கு நேர்ந்ததைச் சொல்ல அறியாது. விஞ்ஞானி தேடிச் சென்று அதன் மயிரையும் ஈரலையும் சோதித்த பின்னரே நாம் அறிகிறோம். நம் மாடோ நாள்தோறும் மாலையில் நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. அது தீனி மறுக்கும் நாளில், ஏன் மறுக்கிறது என்று கேட்போமாக. எங்கே மேய்ந்தது என்று சென்று பார்ப்போமாக. மாடு மேயும் நிலத்தைக் காப்பவர் தம் குழந்தை அருந்தும் பாலையும் காத்தவராவர்.